வாள்வீச்சை விட வரிசை பெரிது

ரோமானியப் படையை வைத்து எழுதப்படும் சண்டை நாவல்களை நான் ஆசை ஆசையாகப் படிப்பவன். "அதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு" என்று இலக்கியம் பேசும் நண்பர்கள் ஒதுக்கும்போது வருத்தமாக இருக்கும். பொழுதுபோக்குதான், இல்லையென்று சொல்லவில்லை. முற்றுகை, பதுங்கித் தாக்குதல், ஆற்றைக் கடக்கும் போர் என்று போய்க்கொண்டே இருக்கும். நள்ளிரவு தாண்டியும் "இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்" என்று நம்மை இழுக்கும். ஆனால் இந்த வகை நாவல்களுக்குள்ளேயே நல்லது எது, போலி எது என்று தரம் பிரிக்க முடியும். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அந்த நாவலில் சண்டை போடுவது ஒரு ஆளா, ஒரு வரிசையா?

நாம் படித்து வளர்ந்த சரித்திரக் கதைகளில் நாயகன் இளவரசனாக இருப்பான், இல்லையென்றால் இளவரசனுக்கு நெருங்கியவனாக இருப்பான். குதிரையில் வருவான், பத்துப் பேரைத் தனியாகச் சமாளிப்பான், வாள் மின்னும். அதே எதிர்பார்ப்போடு ரோமானியப் படைக் கதையைத் திறந்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். ரோமானிய வீரனின் வாள் குட்டையானது. வீசுவதற்கு இடமே கிடையாது. இடப்பக்கம் ஒருவன், வலப்பக்கம் ஒருவன், முதுகுக்குப் பின்னால் இன்னொருவன். அவன் செய்ய வேண்டியது பெரிய கேடயத்தை முன்னால் தள்ளி, அதன் நடுவில் இருக்கும் குமிழால் எதிரியின் முகத்தில் இடித்து, கேடயத்தின் ஓரமாகக் கத்தியை நீட்டிக் குத்துவது. அவ்வளவுதான். வெட்டாதே, குத்து என்றுதான் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களாம். ரோமானியப் போர்க்கலை பற்றி எழுதிய வெஜீஷியஸ் சொல்கிறார்: வெட்டு எவ்வளவு பலமாக விழுந்தாலும் கவசமும் எலும்பும் காப்பாற்றிவிடும், குத்து இரண்டு அங்குலம் இறங்கினாலே உயிர் போய்விடும். பயிற்சியில் மரக்கத்தியும் பிரம்பில் பின்னிய கேடயமும் கொடுப்பார்கள், இரண்டும் உண்மையானதைப் போல இருமடங்கு எடை. எதிரே நட்டு வைத்த ஒரு மரக்கம்பம். அதை எதிரியாக நினைத்து நாள் முழுக்கக் குத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட படையை வைத்துச் சாகசக் கதை எழுதுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். கதைக்கு நாயகன் வேண்டும். படையோ வரிசையை விட்டு வெளியே வருபவனைத் தண்டிக்கிறது.

இதற்கு ரோமானியர்களே ஒரு கதை வைத்திருந்தார்கள். கி.மு. 340, ரோமுக்கும் அண்டை லத்தீன் நகரங்களுக்கும் நடந்த லத்தீன் போர். தளபதியாக இருந்த கான்சல் (ரோமின் உயர் ஆட்சியாளர்) டைட்டஸ் மான்லியஸ், யாரும் உத்தரவில்லாமல் எதிரியோடு தனியாக மோதக் கூடாது என்று கட்டளை போட்டிருக்கிறார். வேவு பார்க்கப் போன இடத்தில் எதிரிக் குதிரைவீரன் ஒருவன் அவருடைய மகனைச் சீண்டுகிறான். மகன் மோதி, கொன்று, வென்ற பொருட்களை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் பெருமையோடு வருகிறான். படையைக் கூட்டி, எல்லோர் முன்னாலும் மகனின் தலையை வெட்டச் சொல்கிறார் அப்பா. இத்தனைக்கும் அந்த அப்பாவே இளம்வயதில் 'கால்' (Gaul) என்ற இனத்தைச் சேர்ந்த ஒருவனோடு தனியாக மோதி வென்று, அவன் கழுத்து வளையத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டு, அதனாலேயே 'டோர்குவாட்டஸ்' (வளையம் அணிந்தவர்) என்று பட்டப்பெயர் வாங்கியவர். ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதி வைத்த இந்தப் பகுதியை எப்போது படித்தாலும் எனக்கு வயிறு பிசையும்.

ஆனால் வரிசையை மீறும் ஆசை அந்தப் படையிலிருந்து போகவே இல்லை. ஜூலியஸ் சீசர், அதே 'கால்' இனத்தவரின் நாட்டில் தான் நடத்திய காலியப் போர் பற்றிய குறிப்புகளில் புல்லோ, வொரேனஸ் என்று இரண்டு செஞ்சுரியன்களைப் (சுமார் எண்பது பேருக்குத் தலைமை தாங்கும் அதிகாரிகள்) பற்றி எழுதியிருக்கிறார். பதவி உயர்வுக்காக வருடாவருடம் முட்டிக்கொள்ளும் ஆட்கள். கி.மு. 54 குளிர்காலத்தில் சீசரின் துணைத் தளபதி குவின்டஸ் சிசரோவின் முகாமை நெர்வி இனத்தவர் முற்றுகையிட்டிருந்தபோது, "எதற்காகத் தயங்குகிறாய் வொரேனஸ்?" என்று கேட்டுவிட்டு புல்லோ அரணைத் தாண்டி எதிரிக் கூட்டத்துக்குள் இறங்கிவிடுகிறான். எறிந்த ஈட்டி ஒருவனைச் சாய்க்கிறது. பதிலுக்கு வந்த ஈட்டி அவன் கேடயத்தைத் துளைத்து வாளுறையை நகர்த்திவிடுகிறது. கை வாளைத் தேடுகிறது, வாள் வரவில்லை, எதிரிகள் சூழ்ந்துவிட்டார்கள். அப்போது அவனைக் காப்பாற்ற ஓடி வருவது போட்டியாளன் வொரேனஸ். அவனும் பள்ளத்தில் கால் இடறி விழ, இப்போது புல்லோ அவனைக் காப்பாற்றுகிறான். இருவரும் உயிரோடு அரணுக்குள் திரும்புகிறார்கள். யார் பெரிய வீரன் என்று சொல்லவே முடியவில்லை என்கிறார் சீசர். அவர் அந்த இடத்திலேயே இல்லை, யாரோ சொல்லக் கேட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும். இருந்தும், வாளுறை நகர்ந்து கை தடுமாறும் அந்த நொடியை எழுதியிருக்கிறார் பாருங்கள். இன்றைக்கு வரும் சண்டைக் கதைகளில் பாதிக்கு இந்த நொடி கிடைப்பதில்லை. அவற்றில் நாயகனுக்கு வாள் எப்போதும் கைக்கு வந்துவிடும்.

நல்ல நாவலாசிரியர்கள் இந்த முரண்பாட்டைத் தாண்டுவதற்குக் கண்டுபிடித்த வழி, கதையைத் தளபதியின் கூடாரத்திலிருந்து கீழே இறக்கியதுதான். சைமன் ஸ்கேரோவின் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். மாக்ரோ என்ற செஞ்சுரியனுக்குப் படிக்கத் தெரியாது. சம்பளக் கணக்கு, ஆள் கணக்கு எல்லாம் எழுத்தில் ஓடும் ஒரு படையில் அதை மறைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டும். அவனுக்குத் துணை அதிகாரியாக வந்து சேர்கிறான் கேட்டோ. அரண்மனையில் வளர்ந்து புத்தகம் மட்டுமே தெரிந்த பையன், கத்தி பிடிக்கத் தெரியாது. ஒருவன் மற்றவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறான், மற்றவன் உயிரோடு இருக்கக் கற்றுக்கொடுக்கிறான். அந்த நாவலில் எனக்குப் பிடித்தது சண்டைகளுக்கு நடுவில் வரும் இந்த ரகசியப் பாடம்தான். இவர்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பதைப்பு சண்டையில் வருவது அதனால்தான்.

சண்டைக்கு நடுவே இருக்கும் வாழ்க்கை என்று சொன்னேன். படையின் பெரும்பகுதி நேரம் அதில்தான் போனது. எட்டுப் பேருக்கு ஒரு தோல் கூடாரம், அதைச் சுமக்க ஒரு கோவேறு கழுதை. எண்பது பேர் சேர்ந்தால் ஒரு செஞ்சுரி. பெயரைப் பார்த்து நூறு என்று நினைத்துவிடக் கூடாது. எதிரி நாட்டில் நாள் முழுக்க மூட்டையோடு நடந்துவிட்டு, சாயங்காலம் உட்கார முடியாது. முதலில் முகாமைச் சுற்றி அகழி வெட்டி மண்சுவர் எழுப்ப வேண்டும். மறுநாள் காலையில் கிளம்பிவிடுவோம் என்றாலும் வெட்டத்தான் வேண்டும். காவலில் தூங்கிவிட்டவனைக் கூட இருந்தவர்களே தடியாலும் கல்லாலும் அடித்துக் கொல்ல வேண்டும் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதியிருக்கிறார். தூக்கம் வராமல் என்ன செய்வான் அவன்? நல்ல நாவலில் இந்தக் களைப்பு நம் தோளில் ஏறும்.

வடக்கு இங்கிலாந்தில் வின்டோலாண்டா என்ற பழைய ரோமானியக் கோட்டையில் 1973இல் மெல்லிய மரத்தகடுகள் கிடைத்தன. மையால் எழுதிய கடிதங்கள், கணக்குகள். இந்த வகை நாவல்களை நேசிப்பவர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டியவை அவை. அங்கே இருந்த டங்ரிய முதல் கோஹார்ட் என்ற படைப்பிரிவின் ஆள் கணக்கு ஒன்று இருக்கிறது. மொத்தம் 752 பேர். அதில் 456 பேர் கோட்டையிலேயே இல்லை. வேறு வேறு இடங்களில் வேறு வேறு வேலைகளில் இருக்கிறார்கள். மீதி 296. அவர்களில் நோயாளிகள் 15, காயம் பட்டவர்கள் 6, கண் நோய் வந்தவர்கள் 10. சண்டைக்கு லாயக்கானவர்கள் 265 பேர். ஏழு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காக்க வேண்டிய கோட்டையை அன்றைக்கு 265 பேர் காக்கிறார்கள். எதிரி அன்றைக்குத்தான் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு முழு நாவலுக்கான பதற்றம் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. இன்னொரு தகட்டில் யாரோ ஒருவருக்குக் காலுறைகளும் இரண்டு ஜோடி உள்ளாடைகளும் அனுப்பியிருப்பதாகத் தகவல். மற்றொன்றில் மாஸ்க்ளஸ் என்ற அதிகாரி, தன் ஆட்களிடம் பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பி வைக்கச் சொல்லுங்கள் என்று கேட்கிறார்.

சம்பளத்துக்கு வருவோம். கி.பி. 14இல் பேரரசர் அகஸ்டஸ் இறந்ததும் டேன்யூப் ஆற்றுப் பக்கத்து மாகாணமான பன்னோனியாவில் மூன்று லீஜியன்கள் (ஒவ்வொன்றும் சுமார் ஐயாயிரம் பேர் கொண்ட படை) கலகம் செய்தன. ரோமானிய வரலாற்றாசிரியர் டேசிட்டஸின் பக்கங்களில் அந்தக் கலகத்தைத் தூண்டும் சாதாரண வீரன் பெர்சென்னியஸ் பேசுவதைக் கேளுங்கள். ஒரு நாளைக்குப் பத்துச் செப்புக்காசு. அதிலேயே துணி, ஆயுதம், கூடாரம் எல்லாம் வாங்க வேண்டும். செஞ்சுரியன் அடிக்காமல் இருக்க அவனுக்கும் கொடுக்க வேண்டும். முப்பது நாற்பது வருடம் உழைத்த பிறகு நிலம் என்று கிடைப்பது சதுப்பும் மலைச்சரிவும். அந்தக் கலகத்தில் கொல்லப்பட்ட செஞ்சுரியன் லூசிலியஸுக்கு வீரர்கள் வைத்த பட்டப்பெயர் 'இன்னொன்று கொண்டா'. திராட்சைக் கொடித் தடியால் முதுகில் அடித்து, அது முறிந்ததும் சத்தமாக அடுத்ததைக் கேட்பானாம். இரண்டாயிரம் வருடம் கழித்தும் அந்த முதுகின் வலி தெரிகிறது. சண்டை நாவல் எழுதுபவர்கள் தடி தூக்கும் செஞ்சுரியனை நல்ல மனசுள்ள முரட்டு அண்ணனாகவே காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. அடிபட்டவன் பக்கமும் ஒரு அத்தியாயம் வேண்டும்.

எனக்கு இன்னொரு குறையும் உண்டு, இது பெரியது. வரிசைக்குள் நின்று படிக்கும்போது நாம் யார் நிலத்தில் நிற்கிறோம் என்பது மறந்துவிடுகிறது. கி.பி. 43இல் நான்கு லீஜியன்கள் பிரிட்டனுக்குக் கடல் கடந்து போனது யாரையும் காப்பாற்ற இல்லை. பிரிட்டனின் இசேனி இனத்து அரசர் இறந்ததும் அவர் மனைவி போடிக்காவைச் சவுக்கால் அடித்து, மகள்களை நாசம் செய்தது ரோமானியர்கள். அதற்குப் பின்தான் கொல்செஸ்டரும் லண்டனும் வெருலாமியமும் எரிந்தன. ஜெருசலேம் முற்றுகையில் நகரை விட்டு வெளியே வந்து பிடிபட்டவர்களை நாளுக்கு ஐந்நூறு பேர், சில நாள் அதற்கும் மேல், சிலுவையில் அறைந்ததாக யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் சொல்கிறார். இதைச் செய்தவர்களும் அதே எட்டுப் பேர் கூடாரத்தில் படுத்தவர்கள்தான், காலுறைக்காக ஏங்கியவர்கள்தான். ஒரு நாவல் இவை இரண்டையும் ஒரே ஆளிடம் காட்டினால் நான் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவேன். எதிரியை முகத்தில் சாயம் பூசிக்கொண்டு கத்துகிற கூட்டமாக மட்டும் காட்டினால், எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும் எனக்கு நடுவில் கசந்துவிடும். ரோமானியரான டேசிட்டஸே பிரிட்டானியத் தலைவன் கல்ககஸின் வாயில் தன் இனத்தைப் பற்றிக் கடுமையான வார்த்தைகளை வைத்தார்: பாழாக்கிவிட்டு அதற்கு அமைதி என்று பெயர் வைக்கிறார்கள் என்று. பத்தொன்பது நூற்றாண்டுக்கு முன்பு ஒரு செனட்டருக்கு வந்த துணிச்சல் இன்றைய நாவலாசிரியருக்கு வராமல் போவதற்குக் காரணமே இல்லை.

இந்த வகையைப் புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை, பிரிட்டன் படையெடுப்புக் காலக் கதைகளிலிருந்து தொடங்குங்கள். கடலைக் கடக்கவே பயந்து வீரர்கள் அடம்பிடித்தது, பின்னாளில் பேரரசரான வெஸ்பாசியன் இரண்டாம் லீஜியனோடு தெற்கே கோட்டை கோட்டையாகப் பிடித்தது, பேரரசர் கிளாடியஸ் யானைகளோடு வந்து பதினாறே நாள் இருந்துவிட்டுப் போனது என்று வரலாறே கதை போல ஓடும். பிறகு ஜெர்மனியின் டியூடோபர்க் காட்டில் மூன்று லீஜியன்கள் அழிந்த கி.பி. 9. அதில் வரிசை எப்படிக் கலைகிறது என்று பார்க்கலாம். குறுகலான பாதை, மழை, நீண்டு சிதறிய அணி. வரிசை போட இடமில்லாத இடத்துக்கு ஜெர்மானியத் தலைவன் ஆர்மினியஸ் அவர்களை வரவழைத்தான். அவனே ரோமானியப் படையில் அதிகாரியாக இருந்தவன் என்பதால் எங்கே அடிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு ஒரு ஆசை மிச்சமிருக்கிறது. கி.பி. 69, இத்தாலியின் கிரெமோனா அருகே, வெஸ்பாசியனா விட்டெலியஸா யார் பேரரசர் என்று ரோமானியரோடு ரோமானியர் மோதிய இரவு. இருபக்கமும் ஒரே கேடயம், ஒரே வாள், ஒரே மொழி. நடுராத்திரியில் வெஸ்பாசியன் தரப்புக்குப் பின்னால் நிலா எழுந்து அவர்கள் நிழலை நீளமாக முன்னால் போட, எதிர்த்தரப்பு அந்த நிழலை ஆளென்று நம்பி எறிந்ததெல்லாம் முன்னாலேயே விழுந்துவிட்டது. விடிந்ததும் சிரியாவில் இருந்து பழகிய மூன்றாம் லீஜியன் உதிக்கும் சூரியனை வணங்க, புதுப்படை வந்துவிட்டது, அதைத்தான் வரவேற்கிறார்கள் என்று வதந்தி பரவியது. அந்தப் போரில் ஸ்பெயினைச் சேர்ந்த ஜூலியஸ் மான்சுவேட்டஸ் என்ற வீரனை எதிர்வரிசையில் இருந்த இளைஞன் ஒருவன் வீழ்த்துகிறான். சாகும் உடலைச் சோதிக்கும்போதுதான் அது தன் அப்பா என்று தெரிகிறது. அவர் படைக்குப் போனபோது வீட்டில் விட்டுப்போன சிறுவன் இவன். அழுது, மன்னிப்புக் கேட்டு, அங்கேயே குழி வெட்டுகிறான். பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கிறார்கள், செய்தி வரிசை முழுக்கப் பரவுகிறது, எல்லோரும் இந்தப் போரைச் சபிக்கிறார்கள். சபித்துக்கொண்டே தங்கள் சொந்தபந்தங்களைக் கொன்று கொள்ளையடிப்பதையும் தொடர்ந்தார்கள் என்கிறார் டேசிட்டஸ். அந்த மகனை எட்டுப் பேர் கூடாரத்திலிருந்து தொடங்கி, அந்த இரவு வரை கொண்டுவந்து, மறுநாள் காலையில் மறுபடியும் வரிசையில் நிறுத்தி ஒரு முழு நாவல் எழுதட்டும் யாராவது. வெளியாகும் அன்றைக்கே வாங்கிவிடுவேன்.