கரையில் மரம் வேண்டாம் என்றால் நான் மரத்துக்கு எதிரியா?

நம் அணையில் மரக்கன்று நட்ட ஞாயிற்றுக்கிழமைப் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மண் அணையின் கரைச் சரிவில் வரிசையாகக் குழிகள், கன்றுகள், பின்னால் பேனர். அந்தப் படங்களின் கீழே நான் எழுதியது இரண்டே வரி: "கன்று நடுவது நல்ல காரியம். கரைமேல் மட்டும் வேண்டாம்." அதற்குக் கிடைத்த பட்டங்கள்: மரத்தின் எதிரி, வயிற்றெரிச்சல்காரர், ஓய்வுபெற்றும் அதிகாரம் போகாதவர். கடைசிப் பட்டத்தைச் சூட்டியவர் என்னோடு பத்து வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தவர். பரவாயில்லை. (எழுதிவிட்டேனே தவிர, இரவு தூக்கம் வரவில்லை.)

மறுபடியும் சொல்கிறேன், கரையில் மரம் கூடாது. மண் அணை என்பது இறுக்கி அடுக்கிய மண். எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் அதனூடாகத் தண்ணீர் கொஞ்சம் கசிந்துகொண்டேதான் இருக்கும். நடுவில் களிமண்ணும் அடிவாரத்தில் வடிகாலும் வைப்பது அந்தக் கசிவை அடக்கிவைக்கத்தான். வேர் அந்த ஈரத்தைத் தேடிப் போகும். செத்த வேர் இன்னும் மோசம். அது மட்கிய இடம் குழாயாகிவிடும். தண்ணீர் அந்த வழியே மண்ணையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். பெருங்காற்றில் மரம் சாய்ந்தாலோ, ஒரு வண்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டுதான் சாயும். அதுவும் அணை நிரம்பியிருக்கும் மழை நாளில்.

"பெரிதானால் வெட்டிவிடலாமே?" வெட்டினால் வேர் எங்கே போகும் ஐயா? முந்தைய பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

"பழைய கரைகளில் பனை நிற்கவில்லையா?" இது நியாயமான கேள்வி. பனைக்கு ஆணிவேர் இல்லை, சல்லிவேர். அதைப் பற்றித் தனியாகப் பேசலாம். ஆனால் படத்தில் நான் பார்த்தவை ஆலும் அரசும். ஆலங்கன்றைக் கரையில் வைத்துவிட்டு என்னிடம் பனையைக் காட்டுகிறீர்கள்.

"சின்ன அணைதானே?" இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. 15 மீட்டராவது உயர்ந்தால்தான், அல்லது உயரம் குறைந்தாலும் நிறையத் தண்ணீர் தேக்கினால்தான், உலகம் அதைப் பேரணை என்று கணக்கெடுக்கிறது. அந்தக் கணக்கில் வராதவற்றைப் பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கெல்லி பார்ன்ஸ் என்ற மண் அணை, சுமார் 12 மீட்டர் உயரம். 1977 நவம்பர் 6 அன்று நள்ளிரவுக்குப் பிறகு உடைந்தது. 39 பேர் செத்தார்கள். அதன் சரிவிலும் மரங்கள் வளர்ந்திருந்தன. மரம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, விசாரணையும் ஒரே காரணத்தைக் கைகாட்டவில்லை. ஆனால் அதுவும் சின்ன அணைதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வயதான அணைக் காவலர் இருந்தார். கையில் கண்ணாடித் தம்ளரோடு கரை அடிவாரத்தில் நடப்பார். கசிவு நீரைப் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். "தெளிவாக வந்தால் வீட்டுக்குப் போகலாம் தம்பி. கலங்கி வந்தால் ஊரை எழுப்ப வேண்டும்" என்பார். கோடையில் புல்லின் நிறத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். எல்லாம் காய்ந்து கிடக்கும்போது ஓரிடம் மட்டும் பச்சையாக இருந்தால் அங்கே குனிய வேண்டும். மர நிழலில் புல்லே நிற்காது. உதிர்ந்த சருகு எலி வளையையும் வெடிப்பையும் மூடிவிடும். அப்புறம் எதைப் பார்த்துக் குனிவது?

நம் அணையைப் பல்நோக்கு நீர்த்தேக்கம் என்கிறோம். பாசனத்துக்கு அது நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பயந்தவர்களுக்கு மழைக்கு முன்பே பாதி காலியாக வேண்டும். குடிநீருக்கு ஒரு மட்டம், மீனுக்கு ஒரு மட்டம், படகுக்கு ஒரு மட்டம். கூட்டம் போட்டால் தண்ணீரில் பங்கு கேட்க ஐந்து தரப்பு வரும். கரைக்காகப் பேச ஒருவரும் வரமாட்டார். வளைகளை அடைக்கவும் புல் வெட்டவும் பணம் ஒதுக்கச் சொல்லி நான் ஒரு முறை எழுந்தேன். "இதர விஷயங்கள்" வரிசையில் கடைசியாகப் போட்டார்கள். என் முறை வந்தபோது பாதி நாற்காலிகள் காலி. இப்போது ஆறாவது நோக்கமும் சேர்ந்துவிட்டது: படம் எடுப்பது.

"குறை சொல்கிறீர்களே, மாற்று என்ன?" அணைக்கு மழைநீர் வடிந்து வரும் நீர்ப்பிடிப்புச் சரிவுகளில் நடுங்கள், வண்டல் வந்து சேர்வதாவது குறையும். கரையோரம்தான் வேண்டுமென்றால் அடிவாரத்திலிருந்து 15 மீட்டராவது தள்ளி நடுங்கள். அங்கே நின்றால் பின்னணியில் தண்ணீர் தெரியாது என்பது எனக்கும் தெரியும்.

கோபத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரை முழுக்கப் புல் காய்ந்து வைக்கோலாகக் கிடக்கிறது. வலது ஓரத்தில், கடைசிக் குழிக்குக் கீழே, ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் நல்ல பச்சை. அதைத்தான் ஒருவர் "கரையே பூரிக்கிறது" என்று எழுதி இதயக்குறி போட்டிருக்கிறார்.

நாளைக் காலை தம்ளரோடு போகிறேன்.