ஒன்று போடத் தெரியாத 15 பேர்

"செல்லாத ஓட்டு எல்லாத் தேர்தலிலும்தான் விழும், இதைப் போய்ப் பெரிசு பண்றீங்களே" என்று காலையிலிருந்து ஆளாளுக்கு அறிவுரை. சரி, பெரிசு பண்ணத்தான் போகிறேன்.

எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போட்ட 2022 குடியரசுத் தலைவர் தேர்தலில் 53 ஓட்டு செல்லவில்லை. அதில் 15 எம்.பி.க்களுடையது. களத்தில் இருந்ததே திரௌபதி முர்மு, யஷ்வந்த் சின்ஹா என்று இரண்டு பேர். பிடித்தவர் பெயருக்கு நேராக 1 என்று எழுத வேண்டும். தமிழ் எண்ணில் ௧ என்று எழுதினாலும் செல்லும். ஊதா மைப் பேனாவைக்கூடத் தேர்தல் ஆணையமே கையில் கொடுக்கிறது. இதற்கு மேல் கையைப் பிடித்தா எழுத வைக்க முடியும்?

என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாக்குச்சீட்டு காலத்தில் முத்திரையைக் குத்திவிட்டு, மை பக்கத்துச் சின்னத்தில் ஒட்டிவிடக் கூடாதென்று ஊதி ஊதிக் காயவைத்து, நெட்டுவாக்கில் மடித்துத்தான் பெட்டியில் போடும். அதுவும் ஒரே ஒரு ஓட்டு.

இவர்களுடையது அப்படியா? இந்தத் தேர்தலில் ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு; ஒரு எம்.பி. ஓட்டின் மதிப்பு 700. சிக்கிமின் 32 எம்.எல்.ஏ.க்களின் ஓட்டு மதிப்பையும் கூட்டினாலும் 224தான் வரும். ஒரு மாநிலச் சட்டமன்றத்தைப்போல மூன்று மடங்கை ஒருத்தர் ஒரே கிறுக்கலில் காலி பண்ணியிருக்கிறார். இப்படிப் பதினைந்து பேர். 2017லும் இதே கூத்துதான், அப்போது 21 எம்.பி.க்கள்.

"எப்படியும் முர்முதானே ஜெயித்திருப்பார்?" ஆமாம், ஓட்டு மதிப்பில் கிட்டத்தட்ட 3 லட்சம் வித்தியாசம், எனக்கும் கூட்டத் தெரியும். "ரப்பர் ஸ்டாம்ப் பதவிதானே?" அப்புறம் எதற்கு ஆளுக்கொரு வேட்பாளரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள்? "இவருக்குத்தான் போட வேண்டும் என்று கட்சியின் கொறடா உத்தரவு கிடையாது, வேண்டுமென்றே செல்லாததாக்கியிருப்பார்கள்" என்கிறார் ஒரு நண்பர். இருக்கலாம். பிடிக்கவில்லையென்றால் வராமல் இருந்திருக்கலாமே! வரிசையில் நின்று, கேமராவுக்குச் சிரித்துவிட்டு, உள்ளே போய்ச் சீட்டைக் கெடுப்பதற்குப் பெயர் எதிர்ப்பா?

என் தங்கை ஒரு போட்டித் தேர்வில் ஓ.எம்.ஆர். தாளில் ஒரு வட்டத்தை மாற்றி நிரப்பிவிட்டாள். மொத்தத் தாளும் போச்சு. ராத்திரி ராத்திரியாகப் படித்த பிள்ளை. "விதிமுறையைப் படிக்கவில்லையா?" என்று அவளைக் கேட்காத ஆள் இல்லை. சட்டம் இயற்றுகிறவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டால் நான் குதர்க்கம் பேசுகிறேனாம்.

"நம்ம ஊர் எம்.பி. அந்தப் பதினைந்தில் இருக்க மாட்டார்" என்று சிலர் சத்தியம் செய்கிறார்கள். எப்படித் தெரியும்? ரகசிய வாக்கெடுப்பு. தங்கைக்குப் பதிவெண் போட்டு, காரணமும் எழுதித்தான் நிராகரித்தார்கள். இவர்களுக்கு வெறும் எண்ணிக்கை மட்டும்தான்.