பகடி மட்டும்தானா?
ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்செட்டின் ‘சோல் மியூசிக்’ (1994) என்னும் மிகுபுனைவு நாவல் ராக் இசையுலகின் புகழ்வெறியைப் பகடி செய்வதோடு நின்றுவிடுகிறது என்று அதைப் பற்றி எழுதிய கட்டுரையாளரின் கூற்றை என்னால் ஏற்க இயலவில்லை. முதல் வாசிப்பில் நானும் ராக் இசையுலகப் பெயர்களை வைத்து ஆடும் சொல் விளையாட்டுகளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். மறுவாசிப்பில்தான், வளர்ப்பு மகளையும் மருமகனையும் இழந்த துயரத்தை மறக்க மரணம் என்னும் பாத்திரமே தன் பணியை விட்டு வெளியேறுவதும், அந்தப் பொறுப்பு பள்ளியில் படிக்கும் பேத்தி சூசனின் தலையில் விழுவதும் மனத்தைத் தைத்தன. கதையில் மதுக்கூடத்திலேயே இறந்திருக்க வேண்டிய இளம் பாடகனை இசை தன் தேவைக்காகவே உயிரோடு வைத்திருக்கிறது. அவனுக்குக் கிடைக்கும் புகழ்கூட, உண்மையில், அவன் கையிலிருக்கும் மாயக் கித்தாருடையதுதான். பாறைகளைத் தட்டித் தாளமிடும் ட்ரோல் (கல்லுடல் கொண்ட கற்பனை உயிரினம்) வரும் பக்கங்கள் வெறும் வேடிக்கை என்பதை மட்டும் மறுக்க மாட்டேன்.