ஊக்கி ஐதரசனின் அளவைக் கூட்டாது

காபனோரொட்சைட்டு (CO) வாயுவையும் நீராவியையும் கொண்டு ஐதரசன் எடுப்பது பற்றிய உங்கள் கட்டுரை நல்ல கட்டுரை. ஆனால் "செம்பு ஊக்கி போட்டால் ஐதரசன் கூடுதலாகக் கிடைக்கும்" என்ற வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். மட்டக்களப்பில் உயர்தர இரசாயனம் படிப்பிக்கிறேன். வருடாவருடம் பிள்ளைகள் விடைத்தாளில் எழுதும் பிழையும் இதுதான். ஊக்கி வேகத்தைத்தான் கூட்டும், சமநிலையை, அதாவது கடைசியில் எவ்வளவு ஐதரசன் கிடைக்கலாம் என்ற எல்லையை, நகர்த்தாது.

காபனோரொட்சைட்டும் நீராவியும் சேர்ந்து காபனீரொட்சைட்டும் ஐதரசனும் ஆகும்போது மூலுக்கு ஏறத்தாழ 41 கிலோயூல் வெப்பம் வெளிவரும். ஆகவே சூடு குறையக் குறைய ஐதரசன் பக்கம் சாயும். சரி, சூட்டைக் குறைக்கலாம்தானே என்றால், இரும்பு-குரோமியம் ஊக்கி 350 பாகை செல்சியசுக்குக் கீழே மந்தமாகிவிடும். அதைத் தாண்டி வரும் வாயுவில் 2 முதல் 4 சதவீதம் காபனோரொட்சைட்டு மிஞ்சும். செம்பு, நாக (சிங்க்) ஒட்சைட்டு ஊக்கியோ 200 பாகையளவிலேயே வேலை செய்யும். மிச்சத்தை அரைச் சதவீதத்துக்கும் கீழே இறக்கிவிடும். குறைந்த சூட்டிலும் வேலை செய்வதுதான் செம்பின் கெட்டித்தனம், ஐதரசனைக் கூட்டுவது அந்தக் குறைந்த சூட்டின் சமநிலைதான். ஆனால் கொஞ்சம் கந்தகம் பட்டாலே செத்துப்போகும், சூடு ஏறினால் துகள்கள் ஒட்டிப் பருத்துவிடும்.

போன பெரும்போகத்தில் எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) யூரியா மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி வெள்ளை மணிகளை மகனின் உள்ளங்கையில் கொட்டி இதையே சொன்னேன். யூரியாவுக்கான அமோனியாவில் சேரும் ஐதரசன் மட்டுமல்ல, அந்த மணியிலுள்ள காபனும் பெரும்பாலும் இதே வாயுவிலிருந்து பிரித்தெடுத்த காபனீரொட்சைட்டுத்தான். அதையும் கட்டுரையில் சேர்த்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.