அளக்காமல் பற்றரியை மாத்தாதீங்கோ

மூண்டு மாதத்துக்குள்ள ரெண்டு பற்றரி! வெள்ளவத்தையில எந்தக் கராச்சுக்கு ஓட்டோவைக் கொண்டு போனாலும் ஒரே பதில்: "அண்ணை, பற்றரி முடிஞ்சுது, புதுசு போடுங்கோ." ஒருத்தராவது வோல்ற் அளக்கிற மீற்றரை எடுத்து வைச்சுப் பார்க்கேல்லை. நினைக்க நினைக்க வயிறு எரியுது.

12 வோல்ற் பற்றரி, முழுச் சார்ஜோட சும்மா நிற்கேக்க 12.6 அளவில காட்டும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்சம் ரேஸ் குடுத்தால் 13.5க்கும் 14.5க்கும் இடையில ஏற வேணும். என்ர வண்டியில 12.3ஐத் தாண்டவேயில்லை. சார்ஜே ஏறாத வண்டியில புதுப் பற்றரி எத்தனை நாளைக்குத் தாங்கும்? இதைப் பார்க்க ரெண்டு நிமிசம் போதும்.

கடைசியில மருமகன்தான் இரவல் மீற்றரோட குந்தியிருந்து ஒவ்வொரு வயராப் பார்த்தான். பற்றரிக்குச் சார்ஜ் ஏறுறதைக் கட்டுப்படுத்துற ரெகுலேற்றரின்ர ஏர்த் வயர், வண்டியின்ர இரும்பு உடம்பில பூட்டின இடம் பச்சை பிடிச்சுக் கிடந்தது. நாங்கள் இருக்கிறது கடற்கரைப் பக்கம், உப்புக் காத்து எதைத்தான் விட்டுவைக்கும்? உரஞ்சித் துடைச்சு இறுக்கின உடன 14.1. செலவு ஒரு துண்டு சாண்ட் பேப்பர்.

அந்த ரெண்டு பற்றரிக் காசை எனக்கு ஆர் திருப்பித் தாறது? பிள்ளையளின்ர ரியூசனுக்கு எடுத்து வைச்ச காசு அது.