இரட்டை எழுத்தெல்லாம் பிழைக் காசு இல்லை

"காசில் எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் அது பிழைக் காசு (தயாரிப்பில் தவறு நேர்ந்த காசு), நல்ல விலை போகும்" என்று காசு சேகரிப்பு பற்றிய ஒரு கட்டுரையில் இருக்கிறது. அப்படிப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. காசு அடிபடும் கணத்தில், உருவத்தைப் பதிக்கும் உலோக அச்சு சற்று அசைந்தாலும் எழுத்து இரட்டிக்கும். அந்த நிழல் தட்டையாக, படிபோல இருக்கும், எழுத்தும் மெலிந்துவிடும். இதற்குச் சேகரிப்பாளர்கள் பெரிதாக விலை கொடுப்பதில்லை. அச்சைச் செய்யும்போதே இரட்டித்திருந்தால் கதை வேறு: இரண்டு உருவமும் மேடாக, எழுத்து முனைகளில் பிளவோடு தெரியும், அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் அது இருக்கும். 1955ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சதம் இந்த வகைதான். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும், பார்த்துவிடலாம்.

இலங்கையில் ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வீடுகளில் பழைய நான்கு மூலை ஐந்து சதமும் நெளிவு விளிம்புப் பத்து சதமும் இன்னும் ஏதாவது டின்னில் கிடக்கும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! பிழை உண்மையாகவே இருந்தாலும், தேய்த்த காசுக்கு, காசின் தரத்தை மதிப்பிடும் நிறுவனங்கள் பெரும்பாலும் 1 முதல் 70 வரையான அளவில் தர எண் கொடுப்பதில்லை. 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதிவிடுவார்கள். அப்புறம், மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறையில் போடவும் வேண்டாம், நம் ஊர் ஈரத்துக்குச் செம்புக் காசில் பச்சைப் பசை பிடித்துவிடும்.