மூச்சு வாங்கலைன்னு ஓடித் தொலைக்காதீங்க

"நாலு மாசம் கேப் விட்டா என்ன, ரெண்டே வாரத்துல பழைய வேகம் வந்துடும்." ஒவ்வொரு சைக்கிளிங், ரன்னிங் குரூப்லயும் இப்படிச் சொல்ல ஒருத்தர் இருக்கார். சைக்கிளும் ஓட்டி, ஓடவும் செஞ்சு, நடுவுல விட்டுட்டுத் திரும்பி வர்றவங்க கால் போறதுக்குப் பாதிக் காரணம் இந்த மகராசங்கதான்.

நெஞ்சும் காலும் ஒரே வேகத்துலயா திரும்பி வருது? பயிற்சி நின்னதும் முதல்ல குறையறது பிளாஸ்மா, அதாவது ரத்தத்தோட நீர்ப்பகுதி. திரும்பத் தொடங்கினதும் சீக்கிரம் ஏறறதும் அதுதான். மூணு வாரம் ஈசிஆர்ல சைக்கிள் மிதிச்சா மூச்சு நல்லாவே தாங்கும். ஆனா சைக்கிள்ல அதிர்ச்சியே கிடையாது. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போல ரெண்டு, மூணு மடங்கு காலில் இறங்குது. நிமிஷத்துக்கு 160 அடின்னா, 35 நிமிஷத்துல 5 கிலோமீட்டர் முடிக்க 5,600 அடி. குதிகாலையும் கெண்டைக்கால் தசையையும் இணைக்கற தசைநாணும் எலும்பும் அதுக்குத் தயாராக மாசக்கணக்குல ஆகும். மூச்சு வாங்கலையேன்னு ஓடினா கால்தான் போகும்.

காலையில கட்டில்லேருந்து இறங்கினதும் குதிகாலுக்கு மேல இறுகிப்போய் வலிக்குதா? "வார்ம் அப் ஆனா சரியாயிடும்"பாங்க. ஆமாய்யா, ஓட ஆரம்பிச்சதும் சரியாகி மறுநாள் காலையில திரும்ப வர்றதுதானே அந்தத் தசைநாண் பாதிப்போட அடையாளமே! முழங்காலுக்குக் கீழ, முன் எலும்புல ஒரே விரலால தொட்டுக்காட்டற மாதிரி ஒரு புள்ளியில வலிச்சா அன்னைக்கே ஓட்டத்தை நிறுத்திட்டு எலும்பு டாக்டரைப் பாருங்க. அது எலும்புல விழுந்த கீறலா இருக்கலாம்.

அப்போ எப்படித் தொடங்கறது? ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை, எட்டுத் தடவை. வாரத்துக்கு மூணு நாள், அடுத்தடுத்த நாள் வேண்டாம். ரெண்டு வாரம் வலியில்லாம போனா அதைத் தலைகீழா மாத்துங்க: ரெண்டு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை. நிறுத்தாம 20 நிமிஷம் ஓடறதெல்லாம் ஆறாவது வாரத்துக்கு. கூடவே படிக்கட்டு விளிம்புல ஒத்தைக்கால்ல நின்னு குதிகாலை ஏத்தி, மூணு எண்ணி மெதுவா இறக்கணும். 15 தடவை, மூணு செட். இதுக்கு மட்டும் யாருக்கும் நேரமே இருக்காது.

அடுத்து, மிதிக்கற சக்தியை வாட்ஸ்ல காட்டற பவர் மீட்டரைச் சைக்கிள்ல வெச்சிருக்கறவங்க. எஃப்டிபியை (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கற அதிகபட்ச சக்தி) பழைய 220லயே விட்டுட்டு "ஜோன் 2 தான், ஈஸியாத்தான் ஓட்டறேன்"னு 165 வாட்ஸ் மிதிப்பாங்க. இப்போ நிஜமான எஃப்டிபி 180ன்னா அந்த 165 அதுல 92 சதவீதம். அது ஜோன் 4, கிட்டத்தட்ட எல்லையைத் தொடற கடும் உழைப்பு! முதல் மூணு வாரம் நம்பரையே மறைச்சு வெச்சுட்டு, முழு வாக்கியம் பேச முடியற வேகத்துல மிதிங்க. அப்புறம் 20 நிமிஷம் முழுமூச்சா மிதிச்சு டெஸ்ட் பண்ணி, சராசரி வாட்ஸை 0.95ஆல பெருக்கிக்கோங்க, அதுதான் புது எஃப்டிபி.

பால்கனியில நின்ன சைக்கிள் வேற. டியூப்லெஸ்னா உள்ள இருக்கற சீலன்ட் (பஞ்சரை அடைக்கற திரவம்) காஞ்சு தோலா ஒட்டியிருக்கும், புதுசா ஊத்தணும். டயர் பக்கவாட்டுல வெடிப்பு இருந்தா மாத்தியே ஆகணும். கடற்கரைப் பக்கம் வீடுன்னா செயின்ல துரு ஏறியிருக்கும். துரு மேலயே ஆயில் விடறது தயவுசெஞ்சு வேண்டாம்.

இவ்வளவும் செஞ்ச பிறகு, "வாங்க, ஈஸி ரைடுதான்"னு ஞாயித்துக்கிழமை கூப்பிட்டு மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்துல இழுக்கற கும்பல் ஒண்ணு இருக்கு. சராசரி வேகம் என்னன்னு முந்தின நாளே கேளுங்க. "ஜாலியா போலாம் பாஸ்"னு பதில் வந்தா போகாதீங்க.